அத்தை புருஷன்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். எங்கள் அத்தை புருஷனான மாமா கைகழுவுகிற இடத்தைப் பார்ப்பார். குழாய் ஒழுகினால் முகம் மலர்ந்துவிடும். ஒழுகவில்லை என்றால் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். சோப்பும் இருந்து தொலைத்தால், துடைத்துக்கொள்ளத் துண்டு எங்கே? பந்தியில் உட்கார்ந்ததும் இலை நுனி இடப்பக்கம் இருக்கிறதா, உப்பு வைத்தார்களா என்று ஒரு தணிக்கை நடக்கும். கிளம்பும்போது தாம்பூலப் பையிலிருந்து தேங்காயை எடுத்துக் காதருகே குலுக்குவார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் "முத்தல்." கேட்காவிட்டால் "இளசு."

கல்யாணம் இல்லாத நாட்களிலும் அவருக்கு ஓய்வு கிடையாது. பேப்பரை அவருக்கு முன்னால் யாரோ பிரித்துவிட்டுத் தப்பாக மடித்திருப்பார்கள். பால் பாக்கெட்டின் மூலையை வேண்டியதைவிடப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். வங்கியில் பேனாவைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். அதில் மை இருக்காது. "மை இல்லாத பேனாவை எவன்யா திருடுவான்?" என்று கவுன்ட்டரில் கேட்பார். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

கோபக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. "காப்பி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பவர் அவர். என் கணிப்பு வேறு. கல்யாணத்தில் தாய்மாமனுக்குச் சீர் இருக்கிறது, நாத்தனாருக்கு மூன்றாவது முடிச்சு இருக்கிறது, மைத்துனனுக்கு மோதிரம் இருக்கிறது. அத்தை புருஷனுக்கு? சாஸ்திரத்தில் ஒரு வேலையும் ஒதுக்கவில்லை. அதனால் தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் பார்த்து வருகிறார்.

அப்பேர்ப்பட்டவரை என் தம்பி பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பெண் சௌகார்பேட்டையில் பிறந்து வளர்ந்த மார்வாடிப் பெண். எங்களைவிடச் சென்னைத் தமிழ் சுத்தமாகப் பேசுவாள். கல்யாணம் மட்டும் பூர்விக ஊரான ஜெய்சல்மேரில்தான் என்று அவள் தாத்தா சொல்லிவிட்டார். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. "வாரத்துக்கு ஒண்ணுதானா?" என்று மாமா அலுத்துக்கொண்டார். அப்படி ஒரு ரயில் இருப்பதே ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் அவருக்குத் தெரியும்.

ரயில் பயணம் நன்றாகத்தான் போயிற்று. கழிவறை, கம்பளி, மேல் பெர்த்துக்காரரின் குறட்டை என்று மாமாவுக்குக் கை ஓயாத வேலை. சோதனை ஜோத்பூரில் இறங்கியபிறகு ஆரம்பித்தது. ஜெய்சல்மேருக்கு அங்கிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சாலை பள்ளமில்லாமல் காலியாகக் கிடந்தது. வேன் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. மாமாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

ஊரை நெருங்கும்போது கோட்டை தெரிந்தது. 1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டை. முழுக்க மஞ்சள் கல் என்பதால் சாயங்கால வெயிலில் பொன்னாக மின்னும். உள்ளே இன்றும் வீடும் கடையும் கோயிலுமாக ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 1974-இல் 'சோனார் கேல்லா' எடுத்தது இதை வைத்துத்தான். மாமா அண்ணாந்து பார்த்தார். "பெயின்ட் செலவு மிச்சம்" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

பெண் வீட்டு உபசாரம் அவரை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது. இலை இல்லையே என்று தொடங்கப் பார்த்தார். அதற்குள் வெள்ளித் தட்டு வந்துவிட்டது. கேர் சாங்கிரி பரிமாறினார்கள். பாலைவனப் புதரில் காய்க்கும் கேர் காயையும் கேஜ்டி மரத்து நெற்றையும் உலர்த்தி வைத்துச் சமைப்பது. பஞ்ச காலத்தில் உயிரைப் பிடித்துவைத்த உணவு, இப்போது கல்யாணப் பந்தியில் விலையுயர்ந்த பதார்த்தம். "சுண்டைக்காய் வத்தல் மாதிரி இருக்கு, ஆனா இல்லை" என்று மூன்று தரம் போட்டுக்கொண்டார். அடுத்து ரொட்டி. "இது கம்புல்ல? டாக்டர் சொல்லியே நான் தின்னலையே!" என்றார். அதன் மேல் ஒருவர் நெய்யை ஊற்ற, இன்னொருவர் பிய்த்து வாயிலேயே ஊட்டிவிட்டார். வாயில் ரொட்டி இருந்தால் என்ன பேசுவது?

கடைசி ஆயுதமாக, "தயிர்சாதம் கிடைக்குமா?" என்றார். வாயை மூடுவதற்குள் வந்தது. கடுகு தாளித்து, கொத்தமல்லி தூவி, ஓரத்தில் மாவடு. பெண்ணின் அப்பா சென்னையிலிருந்தே சமையல்காரரைக் கூட்டி வந்திருக்கிறார். மாமா அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று அத்தை சொன்னாள்.

மறுநாள் ஊருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளுக்கு அழைத்துப்போனார்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். விஷயம் தெரிந்தவர்கள் பின்னால் சாய்ந்துகொள்வார்கள். மாமா முன்னால் சரிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. இது ஒன்று போதும், ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். ஆனால் ஒட்டகக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, காசே வேண்டாம் என்றுவிட்டார். போயிற்று.

அவர்கள் வழக்கப்படி அக்கினியைச் சுற்றுவது நடுராத்திரியில். பாலைவனக் குளிர் எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. மாங்கணியார் பாடகர்கள் கமாய்ச்சா வாத்தியத்தை இழைத்துப் பாடிக்கொண்டிருக்க, எல்லோரும் நெருப்பருகே நகர்ந்தார்கள். மாமாவை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனேன். பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் வெள்ளை மீசையும் காவி வண்ணத் தலைப்பாகையுமாக இன்னொருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அது எங்க பூஃபாஜி" என்றான் பெண்ணின் தம்பி. பெண்ணின் அத்தை புருஷன். வடக்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் கோபித்துக்கொள்வதற்கென்றே பேர் போன உறவு. மற்றவர்களுக்கெல்லாம் தலைப்பாகை கட்டியபிறகே தனக்குக் கட்டினார்களாம். சாயங்காலத்திலிருந்து இப்படி உட்கார்ந்திருக்கிறார்.

இவருக்கு ஹிந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பூஃபாஜி தொங்குகிற சரவிளக்கைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். நடுவில் ஒரு பல்பு எரியவில்லை. மாமா எட்டிப் பார்த்தார். இரண்டு நாளாகக் காணாத பிரகாசம் அவர் முகத்தில். தன் டீக் கோப்பையைச் சாய்த்து அடியில் தங்கிய சர்க்கரையைக் காட்டினார். பூஃபாஜி நெஞ்சில் கை வைத்து, நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

"மாமா, சுத்தப் போறாங்க, வாங்க" என்றேன்.

"முறையா வந்து கூப்பிட்டா வர்றோம்."

'வர்றோம்' என்றார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கைகூப்பி நின்றபிறகே அவர்கள் எழுந்தார்கள்.

தை பிறந்ததும் மன்னார்குடியில் வரவேற்பு. பூஃபாஜி வருகிறார். கார் அனுப்புவது என்று அப்பா பேச்செடுத்தபோது மாமா குறுக்கே விழுந்து தடுத்தார்.

"ஸ்டேஷனுக்கு ஒருத்தரும் போகக் கூடாது. அவ்வளவு தூரம் வர்ற மனுஷனுக்கு நாம ஏதாவது வச்சிருக்க வேணாமா?"