ஒரு ராத்திரிப் பாம்பு

கேள்வி: நாகத்தைக் கும்பிடும் கூட்டம் ஒன்று, பூசை போட்டு ஆட்களையே பாம்பாக மாற்றுவதாகக் கதை படித்தேன். நிஜத்தில் அப்படிச் சடங்கு உண்டா?
– வாசகர் ஒருவர், கரியாலூர்

பதில்: உண்டு, ஒரு ராத்திரிக்கு மட்டும்! கேரளத்தில் ‘சர்ப்பம் துள்ளல்’ என்பார்கள். அரிசி மாவு, மஞ்சள், கரி, இலைப்பொடி போன்றவற்றால் ஐந்து நிறத்தில் பின்னிக் கிடக்கும் நாகங்களைத் தரையில் வரைவார்கள். கையில் கமுகம்பூக் குலையோடு பெண்கள் வந்து உட்காருவார்கள். புள்ளுவர்கள் எனும் பாட்டுக்காரர்கள் வீணையும் குடமும் இசைத்துப் பாடப் பாட, முதலில் தலை ஆடும், அப்புறம் கூந்தல் அவிழும். கடைசியில் தரையோடு தரையாக நெளிந்து, மணிக்கணக்கில் வரைந்த அந்தக் களத்தையே அழித்துவிடுவார்கள். விடிந்தால் பழையபடி மனுஷிதான். தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

நம்மூரில் இந்த வேலையை சினிமா எடுத்துக்கொண்டது. 1979-ல் ‘நீயா?’ படத்தில் ஸ்ரீப்ரியா பாம்பானார். பூசை எதற்கு, எடிட்டரின் கத்தரி போதாதா?

எனக்குப் பிடித்த உருமாற்றம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் தொடங்குவது. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷத்தை மட்டும் கறந்துகொண்டு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மருந்து நிறுவனங்கள் அந்த விஷத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்து எடுக்கின்றன. எமனுக்கும் நமக்கும் நடுவில் நிற்பது ஒரு குதிரை!

உங்கள் கரியாலூர் மலையில் ராத்திரி நடந்தால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், கயிறு இறுக்காதீர்கள். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.