உட்ஸ்டாக் தாத்தா

அமெரிக்காவில் இவர் இல்லாத ஊர் கிடையாது. வயது எழுபத்தைந்துக்கு முன்பின் இருக்கும். நெற்றி உச்சந்தலை வரை போய்விட்டது. பின்பக்கம் மிச்சமிருக்கும் நரைமுடியைத் திரட்டி, ரப்பர் பேண்டு போட்டு, எலிவாலாகத் தொங்கவிட்டிருப்பார். நாலைந்து சாயம் சுழித்து ஓடும் டி-ஷர்ட். கழுத்தில் ஒரு மணிமாலை, அதோடு மூக்குக்கண்ணாடிக் கயிறு. இரண்டும் சிக்கிக்கொண்டால் பிரித்துவிட இன்னொரு ஆள் வேண்டும். நாற்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்து, வீட்டுக் கடனை முழுசாக அடைத்து ஓய்வு பெற்றவர். அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அவரைக் கேட்டால், உலகம் 1965-ல் உண்டாகி 1970-ல் முடிந்துவிட்டது. மற்ற வருஷங்களெல்லாம் பென்ஷனுக்காகச் சேர்த்துக்கொண்டவை.

அவருடைய கடவுளர் மூவர்: டேவிட் க்ராஸ்பி, ஸ்டீபன் ஸ்டில்ஸ், கிரஹாம் நாஷ். விசேஷ நாட்களில் நீல் யங்கும் வந்து சேர்ந்துகொள்வார். 1970-ல் நால்வரும் வெளியிட்ட 'டேஜா வூ' ஆல்பத்தில் க்ராஸ்பியின் பாட்டு ஒன்று உண்டு. முடிவெட்டிக்கொள்ளப் போய், கடைசி நிமிஷத்தில் மனம் மாறி விட்டுவிட்டதைப் பற்றிய பாட்டு. தாத்தாவுக்கு அதுதான் தேசியகீதம். கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத முடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டபடி பாடுவார். பார்ப்பவர்களுக்குத்தான் சங்கடம்.

முதல் அறிமுகத்திலேயே, நாம் கேட்காமலே, ஒரு தகவல் வந்துவிடும். "நான் உட்ஸ்டாக்கில் இருந்தேன்."

1969 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கி 18-ஆம் தேதி காலை வரை, நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில் நடந்த இசைவிழா அது. மூன்று நாளைக்கும் சேர்த்து முன்பதிவு டிக்கெட் 18 டாலர். வேலி போட்டு முடிப்பதற்குள் ஜனம் வந்து இறங்கிவிட்டதால், கடைசியில் எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். கூடியவர்கள் நாலு லட்சத்துக்கு மேல் என்று கணக்கு. ஆனால் இன்றைக்கு அமெரிக்கா முழுக்க "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களை ஒன்றுசேர்த்தால், யாஸ்கரின் மாடுகள் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபெயர வேண்டியிருக்கும்.

தாத்தாவைக் கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் உண்மை தவணைமுறையில் வரும். அவர் கிளம்பியது நிஜம். வழியில் வண்டிகள் மைல்கணக்கில் நின்றதும் நிஜம். அந்த நெரிசலிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் காருக்குள் கிடந்து, ரொட்டி தீர்ந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். "நெரிசலும் உட்ஸ்டாக்கில் சேர்த்திதானே?" என்பார். அதற்குச் சரித்திர ஆதாரமும் வைத்திருக்கிறார். 1966-ல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பூலவார்டு நெரிசலில் எதிரே நின்ற ஒரு சவ ஊர்தியைப் பார்த்துத்தானே, அது நீல் யங்கின் வண்டி என்று ஸ்டில்ஸ் அடையாளம் கண்டுகொண்டார்? அந்தச் சந்திப்பில்தானே பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்ற குழுவே பிறந்தது? ஆக, அமெரிக்க இசையின் திருப்புமுனைகள் டிராஃபிக் ஜாமில்தான் நடக்கின்றன. தாத்தாவின் ஜாமில் மட்டும் ஏதோ ஒரு காரணத்தால் எந்தக் குழுவும் பிறக்கவில்லை.

இன்னும் நெருக்கினால் ஜோனி மிட்செலைத் துணைக்கு அழைப்பார். உட்ஸ்டாக்கைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டை எழுதியது ஜோனி. அவரே போகவில்லை. மறுநாள் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்கு நேரத்தில் வந்து சேர முடியாமல் போய்விடும் என்று அவரை நியூயார்க்கிலேயே நிறுத்திவிட்டார்கள். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து டி.வி.யில் செய்தி பார்த்தபடிதான் எழுதினார். போகாதவர் பாட்டே எழுதலாம் என்றால், போகாதவர் சும்மா பேசக்கூடாதா?

தாத்தா வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும், கடவுளர் மூவரின் முதல் ஆல்பத்தின் அட்டை ஒரு பொறி. 1969-ல் வந்த அந்த அட்டையில், பாழடைந்த வீட்டின் முன்னால் கிடக்கும் பழைய சோபாவில் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். "இடது பக்கம் இருப்பது யார்?" என்று விருந்தாளியைக் கேட்பார். அட்டையில் எழுதியிருக்கும் பெயர் வரிசையைப் படித்துவிட்டு "க்ராஸ்பி" என்று சொன்னால், தீர்ந்தது. அன்றைய மாலை முழுக்கப் பாடம்தான். இடமிருந்து வலமாக இருப்பது நாஷ், ஸ்டில்ஸ், க்ராஸ்பி. படம் எடுத்தபோது குழுவின் பெயர் முடிவாகவில்லை. பெயர் முடிவானதும், வரிசையைச் சரிசெய்து மறுபடி எடுக்கலாம் என்று போய்ப் பார்த்தால், அதற்குள் வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் தழுதழுக்கும். அவர் மாமனார் வீட்டை இடித்தபோதுகூட அப்படி ஆனதில்லை என்பது பாட்டியின் சாட்சியம்.

இத்தனை பித்துக்கும் காரணமில்லாமல் இல்லை. நம் கச்சேரியில் இருவர் சேர்ந்து பாடினால் ஒரே ஸ்வரத்தில் இழைவதுதான் அழகு. இவர்கள் பாடுவது வேறு மாதிரி. ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலே ஏற, மூன்றாமவர் இடையில் புகுந்துகொள்ள, ஒரே நொடியில் மூன்று வெவ்வேறு ஸ்வரங்கள் ஒலிக்கும். காதில் விழுவது என்னவோ மூவரில் யாருடையதும் அல்லாத ஒரு நாலாவது குரல். இளையராஜாவின் கோரஸ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மயக்கம் புதிதல்ல. இந்தக் குழுவில் உச்சிக்குரல் பெரும்பாலும் நாஷுடையது. எல்லாருக்கும் நினைவில் நிற்பது அதுதான். க்ராஸ்பி பிடித்துக்கொண்டது நடுக்குரலை. தனியாகக் கேட்டால் அதில் மெட்டே இருக்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் ஒட்டாது.

மூவரும் முதன்முதலாகச் சேர்ந்து பாடியது 1968-ல், லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் மலைச்சரிவில். யார் வீட்டில் என்பதில்தான் தகராறு. ஜோனி மிட்செல் வீட்டில் என்பது நாஷ் தரப்பு. மாமாஸ் அண்டு பாப்பாஸ் குழுவின் காஸ் எலியட் வீட்டில் என்பது ஸ்டில்ஸ் தரப்பு. பாடியவர்களுக்கே ஞாபகமில்லாத விஷயத்தில் கேட்டவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். தாத்தா ஜோனி கட்சி, அவருடைய நாற்பது வருஷத்து நண்பர் காஸ் கட்சி. காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன கதையை இவர்களிடம் சொன்னால், நியாயமான வழக்குதான் என்பார்கள்.

அன்பையும் சமாதானத்தையும் பாடிய இந்தக் கடவுளர் தங்களுக்குள் பேசிக்கொண்ட நாட்களைவிடப் பேசாத நாட்கள்தான் அதிகம். க்ராஸ்பியை 1967-லேயே, அவர் முன்பு இருந்த பேர்ட்ஸ் குழுவிலிருந்து விலக்கியிருந்தார்கள். 'டேஜா வூ' விற்பனையில் முதலிடத்துக்குப் போன அதே 1970-ல் நால்வரும் பிரிந்தார்கள். 1974-ல் மறுபடி சேர்ந்து, பெரிய ஸ்டேடியங்களாகச் சுற்றி வந்த பயணத்துக்கு அழிவுப் பயணம் என்று பெயர் வைத்தது க்ராஸ்பியே. கடைசியாக மூவரும் சேர்ந்து பாடியது 2015 டிசம்பரில், அதிபர் ஒபாமா முன்னிலையில், வாஷிங்டனில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றும் விழாவில். குழந்தைகளுக்கும் தெரிந்த 'சைலன்ட் நைட்' பாட்டில் சுருதி ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாகப் போனார்கள். அதோடு சரி.

"மேதைகள் அப்படித்தான்" என்பார் தாத்தா. அவரும் கொஞ்சம் அப்படித்தான். காரின் பின்னால் பெரிய சமாதானச் சின்னம் ஒட்டியிருக்கும். அவர் கண்வைத்த பார்க்கிங் இடத்தில் வேறு யாராவது நுழைந்துவிட்டால், ஹாரன் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். 2023 ஜனவரியில் க்ராஸ்பி எண்பத்தொரு வயதில் இறந்த செய்தி வந்ததும், காஸ் கட்சி நண்பருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிஷம் இருவரும் அழுதார்கள். மூன்றாவது நிமிஷம் யார் வீடு என்ற பேச்சு வந்துவிட்டது.

பொருளாதாரத்தில் தாத்தாவின் சாதனை தனி. எழுபதுகளில் பார்த்துப் பார்த்து வாங்கிய எல்.பி. தட்டுகளை, கீறல் சத்தம் காதை உறுத்துகிறது என்று எண்பதுகளின் கடைசியில் வாசலில் வைத்துப் பெட்டியோடு விற்றார். வந்த காசில் ஒரு பீட்சா வாங்கியதாக ஞாபகம். எல்லாவற்றையும் சி.டி.யாக வாங்கினார். இப்போது அந்தக் கீறல் சத்தத்தில்தான் ஆத்மா இருக்கிறது என்று, அதே தட்டுகளைத் தலைக்கு முப்பத்தைந்து டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி எல்.பி.யும் 3.3 கோடி சி.டி.யும் விற்றன. எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கடையில் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு இருபது வயதுதான். அவர்களைப் பார்த்து "எங்கள் காலம் திரும்புகிறது" என்று பூரிப்பார். அவர்கள் வாங்குவது டெய்லர் ஸ்விஃப்ட் என்பதைக் கவனிக்கமாட்டார்.

வீட்டில் அவரை அடக்க ஒரே ஆள் பேரன்தான். "இப்போதெல்லாம் எவன் பாடுகிறான்? கம்ப்யூட்டர்தான் சுருதி சேர்க்கிறது. எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் அவர்களே பாடி அவர்களே வாசித்தார்கள்" என்று தாத்தா ஆரம்பிப்பார்.

"தாத்தா, பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' 1965-ல் வந்ததே, அந்த இசைத்தட்டில் வாத்தியம் வாசித்தது யார்?"

"ரோஜர் மெக்வின். பன்னிரண்டு கம்பி கிட்டார். அந்த ஒலியை இன்றைக்கு எவனாவது…"

"மற்ற நாலு பேர்?"

மௌனம். மற்ற வாத்தியங்களை வாசித்தவர்கள் கூலிக்கு அமர்த்திய ஸ்டூடியோ கலைஞர்கள்.

"சைமன் அண்டு கார்ஃபங்கலின் 'சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'?"

தாத்தா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். 1964-ல் வெறும் கிட்டாரோடு பாடி, ஆல்பம் விலைபோகாமல் இருவரும் பிரிந்தே போயிருந்தார்கள். மறு வருஷம் தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர்களைக் கேட்காமலே அதன்மேல் எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஏற்றினார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போயிற்று. பேரன் இதையெல்லாம் படித்தது, போன பிறந்தநாளுக்குத் தாத்தா பரிசளித்த புத்தகத்தில்.

பக்கத்து வீட்டுக்குக் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று குடிவந்தபோது தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைகூப்பி, "ரவிசங்கர்!" என்றார். உட்ஸ்டாக்கின் முதல் நாள் இரவு, மழைக்கு நடுவே ரவிசங்கர் சிதார் வாசித்ததை விவரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்றைக்கு மேடையில் உட்கார்ந்து ஆசி சொன்ன காவி உடைச் சாமியாரைத் தெரியுமா? சுவாமி சச்சிதானந்தர். எங்கள் ஊர்ப் பக்கம் செட்டிப்பாளையம்தான்" என்றார். நீண்ட தாடியோடு ஜனக்கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் அந்தப் படம் தாத்தாவின் மாடிப்படியிலேயே மாட்டியிருக்கிறது. நேரே இமயமலையிலிருந்து இறங்கி வந்தவர் என்று ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவருக்கு, அவர் பஸ் வசதியுள்ள ஊரில் பிறந்தவர் என்பதில் உள்ளூர ஏமாற்றம்தான். ஆனாலும் மறுநாளிலிருந்து, "உட்ஸ்டாக்கைத் தொடங்கிவைத்த ஊர்க்காரர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தான் போகாத குறை அதில் பாதி தீர்ந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் கார் ஷெட்டில் ஒத்திகை. தாத்தா, காஸ் கட்சி நண்பர், ஓய்வு பெற்ற ஒரு பிளம்பர். ஸ்டில்ஸ் கிட்டாருக்கு விசித்திரமாகச் சுருதி சேர்ப்பார் என்பதால், கம்பிகளை முறுக்குவதிலேயே முக்கால் மணி போகும். ஆரம்பித்தால் மூவரும் நாஷ். உச்சிக்குரலை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை, எட்டிப்பிடிக்க யாருக்கும் தொண்டையில்லை. சுருதியை இறக்கிப் பார்த்தார்கள். இறக்கிய இடத்திலும் மூன்று பேரும் உச்சியிலேயே நின்றார்கள். "நடுவை நீ எடு" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டதில் பிளம்பர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. சரித்திரத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பின்பற்றுகிறவர்கள்.

ஒரு வியாழன், பாட்டி எலுமிச்சை ஜூஸ் தட்டோடு உள்ளே வந்தார். மூவரும் கழுத்து நரம்பு புடைக்க ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தார்கள். டம்ளர்களை எடுத்துவைத்துக்கொண்டே, போகிற போக்கில் பாட்டி நடுக்குரலைப் பாடினார். திடீரென்று எல்லாம் பொருந்தியது. பிளம்பர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? உட்ஸ்டாக்குக்கே போனவள்தானே நான்."

தாத்தா இருமினார். பாட்டி கண்டுகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் சிநேகிதிகளோடு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாராம். ஞாபகமிருப்பது முழங்கால் வரை சேறு, கழிப்பறை வாசலில் வரிசை, தொலைந்துபோன ஒரு செருப்பு.

"அப்படியானால் அவர்களை நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள்!" என்றார் காஸ் கட்சிக்காரர், பரவசத்தோடு. "அவர்களுடைய இரண்டாவது கச்சேரியே அதுதான்!"

"எங்கே கேட்டேன்? அவர்கள் மேடைக்கு வந்தபோது திங்கட்கிழமை விடியற்காலை மூன்று மணி. நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்."

"ஐயோ! கேட்கவே இல்லையா?"

"அதனால் என்ன?" என்றபடி தட்டை எடுத்துக்கொண்டார் பாட்டி. "கல்யாணமான நாளிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்."