மண்ணைக் கவ்வினால் வெற்றி!

கேள்வி: அமெரிக்காவில் டிராக்டர் இழுவைப் போட்டிக்காகப் பழைய டிராக்டரில் பெரிய எஞ்சின் மாட்டுகிறார்களாமே? எஞ்சினை மாற்றினால் ஜெயித்துவிடலாமா?

பதில்: எஞ்சின் மாற்றுவது சம்பந்தம் பேசுவது மாதிரி. மாப்பிள்ளை மட்டும் தலையாட்டினால் போதாது. கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று மொத்தக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும்! 1939-இல் வந்த ஃபார்மால் எம் டிராக்டருக்குக் குதிரைத்திறன் 40-க்கும் குறைவு. பல்சக்கரங்களும் அந்தக் கணக்குக்குச் செய்தவைதான். அதில் மூன்று மடங்கு பலமுள்ள எஞ்சினை வைத்தால், முதலில் இழுபடுவது சுமையல்ல, உரிமையாளரின் பர்ஸ்.

இழுக்கவேண்டிய சறுக்குவண்டியும் லேசுப்பட்டதல்ல. டிராக்டர் நகர நகர, சறுக்குவண்டியின் மேலிருக்கும் எடைப்பெட்டி முன்னுக்கு வந்து, அடித்தட்டை மண்ணில் அழுத்தும். முழுத்தூரம் 300 அடி. நடுவழியில் டிராக்டரின் முன்சக்கரங்கள் ஜல்லிக்கட்டுக் காளையாய் எகிறும். அதை அடக்க மூக்கில் எடைக்கட்டிகள், மல்லாந்துவிடாமலிருக்கப் பின்னால் தாங்குசட்டம். கிளட்ச் வெடித்தால் துண்டுகள் பறக்காமலிருக்க எஃகுக் கவசம் வேறு.

இத்தனை செய்தும், டயருக்குப் பிடிப்பு இல்லையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே குழிதான் தோண்டும். மற்ற போட்டிகளில் மண்ணைக் கவ்வினால் தோல்வி. இதில் மட்டும் மண்ணைக் கவ்வினால்தான் வெற்றி!