சீமை ரைபிளும் செக்கானூரணி மாப்பிள்ளையும்

வாய்யா மாப்ள, உக்காரு. நீ லீவுல வந்து இறங்கின அன்னைக்கே சேதி வந்துருச்சு. "அமெரிக்கா ரைபிள் குடுத்திருக்காக, கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாலும் குறி தப்பாது"ன்னு செக்கானூரணி பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறியாம்ல. கண்ணை மூடிக்கிட்டுச் சுடுறவனுக்கு எதுக்கப்பா அமெரிக்கா ரைபிள்? தீபாவளித் துப்பாக்கியே போதுமே.

கோவிச்சுக்கிடாத. உன் யூனிட் எங்க நிக்குது, எத்தனை பேருக்கு என்ன குடுத்தாகங்கிறதை டீக்கடையில பேசாத. நானும் கேக்கல. ஊரறியப் பேப்பர்ல வந்ததை மட்டும் பேசுவோம். 2019 பிப்ரவரியில சிக் சாவர் கம்பெனிக்கிட்ட 72,400 ரைபிளுக்குக் கையெழுத்தாச்சு. தரைப்படைக்கு 66,400, விமானப்படைக்கு 4,000, கடற்படைக்கு 2,000. மொத்தம் சுமார் 700 கோடி. வகுத்துப் பாரு, ஒண்ணு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சல். அது பத்தலைன்னு 2024-ல இன்னொரு 73,000. ரைபிள் பேரு சிக் 716. அதுக்குப் போடுற தோட்டா 7.62-க்கு 51 மில்லிமீட்டர்.

அந்தத் தோட்டாவைச் சொல்லும்போது உன் மொகத்துல என்னா ஒரு வெளிச்சம்! பெரிய தோட்டா, பட்டா எதிரி எந்திரிக்க மாட்டான், தூரமாப் போகுதுன்னு அடுக்குற. மாப்ள, நான் பட்டாளத்துல தூக்கிச் சுமந்த எஸ்.எல்.ஆர் ரைபிளுக்கும் அதே 7.62-க்கு 51 தான். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே அந்தத் தோட்டா என் தோள்பட்டையை இடிச்சுக் கன்றிப் போக வெச்சிருக்கு. நடுவுல, அது கனம், இடி ஜாஸ்தின்னு சொல்லி 5.56-க்கு மாறி இன்சாஸ் ரைபிளைக் கொண்டாந்தாக. இப்பத் திரும்ப 7.62-க்கே வந்து நிக்குறாக. மதுரைப் பெரியாஸ்பத்திரியில இருந்து கிளம்பின டவுன் பஸ் தல்லாகுளம் சுத்திட்டுப் பெரியாஸ்பத்திரிக்கே வந்திருக்கு. டிக்கெட்டு மட்டும் லட்ச ரூபா.

எஸ்.எல்.ஆர்னா என்னான்னு உன் வயசுப் பயகளுக்குத் தெரியாது. தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கிடும், ஆனா ஒரு அமுக்குக்கு ஒரு குண்டுதான். அதைத்தான் இப்ப நீங்க செமி-ஆட்டோமேட்டிக்னு இங்கிலீசுல சொல்லி மீசையை முறுக்குறீக. 1962-ல சீனாக்காரன் வந்தப்ப நம்ம ஆளுக கையில இருந்தது .303. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளணும். எதுக்க வந்தவன் கையில அரைத் தானியங்கி. பனியில விரல் மரத்துப் போயி போல்ட்டை இழுக்குறவனும், சும்மா ட்ரிகரை அமுக்குறவனும் ஒண்ணாகிருவாகளா? அதுக்கு அப்புறம்தான் வங்காளத்து இச்சாபூர் தொழிற்சாலையில எஸ்.எல்.ஆரைச் செஞ்சு கையில குடுத்தாக. அதுக்கும் மூலம் பெல்ஜியத்து ரைபிள்தான். அன்னைக்கும் சீமைச் சரக்கு, இன்னைக்கும் சீமைச் சரக்கு. இதுல நீ மட்டும் என்னமோ புதுசா வயசுக்கு வந்த மாதிரிப் பேசுற.

சரி, சங்கதிக்கு வருவோம். "மாமா, பெட்டியைத் திறந்ததும் அப்பிடியே சுடலாம், கம்பெனிக்காரனே எல்லாம் சரி பண்ணித்தான் அனுப்புறான்"னு சொன்னியாம். யாருக்குச் சரி பண்ணுனான்? அவன் கண்ணுக்கா, உன் கண்ணுக்கா? நீ கன்னத்தைக் கட்டையில வைக்கிற இடம் வேற, உன் பக்கத்துல படுத்திருக்கிற பஞ்சாபிக்காரன் வைக்கிற இடம் வேற. மூச்சு வேற, பிடி வேற. அதனாலதான அவனவன் கண்ணுக்குச் சைட்டைச் சரி பண்ண ஜீரோயிங்னு ஒரு சடங்கு வெச்சிருக்கான். படுத்து, ஒரே இடத்தைப் பார்த்து அஞ்சு குண்டு போடு. அந்த அஞ்சும் எங்க விழுந்துச்சுங்கிறது அப்புறம். ஒண்ணோட ஒண்ணு நெருங்கி விழுந்துச்சான்னு மொதப் பாரு. நெருங்கி ஒரு ஓரமா விழுந்தா ரைபிளும் நீயும் நல்லவுக, சைட்டைத் திருகுனாப் போதும். அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு சிதறிக் கிடந்தா சைட்டைத் தொடாத. உன் மூச்சைப் பாரு, விரலைப் பாரு, தோட்டாவைப் பாரு. அதுக்கும் அப்புறந்தான் ரைபிளைக் குத்தஞ்சொல்லணும். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். அமெரிக்காக்காரன் தெருவுல நின்னு ஆடுனாலும் அதே கதைதான்.

எஸ்.எல்.ஆர்ல ஒரு கூத்து உண்டு. குண்டு கீழ விழுந்துச்சுன்னா முன்சைட்டை மேல ஏத்தணும்னுதான் எவனுக்கும் தோணும். அங்கதான் சுடக் கத்துக்குடுக்குற உஸ்தாது நம்ம மண்டையில தட்டுவாரு. முன்சைட்டைக் கீழ இறக்குனாத்தான் குழல் நிமிரும், குண்டு மேல போகும். புதுசாச் சேர்ந்த பயக அத்தனை பேரும் அந்தத் தட்டு வாங்காம வெளிய வந்ததில்லை.

கணக்குத் தெரியும்ல உனக்கு? நூறு மீட்டர்ல மூணு சென்டிமீட்டர் விலகுனது, முன்னூறுல ஒம்பது, ஐநூறுல பதினஞ்சு. நூறு மீட்டர்ல "சும்மா ரெண்டு விரல் அகலந்தான மாமா"ன்னு விட்டுட்டு, ஐநூறு மீட்டர்ல மலைமேல நிக்கிறவனைச் சுடப் போறேன்னு கிளம்பாத. அங்க காத்து வேற தன் பங்குக்கு இழுக்கும்.

இன்னொரு குறையும் சொன்னியாமே, "பளபளப்பே இல்லை மாமா, சாம்பலாட்டம் மங்கலா இருக்கு, பினிஷிங் சரியில்லை"ன்னு. அடேய், கல்யாணத்துக்கு மோதிரமா வாங்குன? துப்பாக்கி மின்னுச்சுன்னா வெயில்ல ஒரு மைலுக்கு அங்கிட்டு இருக்கிறவனும் உன்னைப் பார்த்துக் கும்பிடு போடுவான். இரும்புக்குப் பாஸ்பேட் பூச்சுன்னு ஒண்ணு குடுப்பாக. சொரசொரன்னுதான் இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குள்ளதான் எண்ணெய் தங்கும், துரு அண்டாது. அலுமினியப் பாகத்துக்கு வேற பூச்சு, அதுவும் மின்னாமத்தான் இருக்கும். பாக்க வேண்டிய பினிஷிங் வெளிய இல்லை மாப்ள, குழலுக்குள்ள இருக்கு, தோட்டா போய் உக்கார்ற அறைக்குள்ள இருக்கு. வெளிச்சத்தைக் காட்டிக் குழலுக்குள்ள பாரு. மரை சுத்திப் போறது ஒரே சீரா இருக்கா, எங்கயாவது கருப்பா, குழியா இருக்கான்னு பாரு. திருப்பாச்சேத்தியில அரிவா வாங்குறவன் என்ன பண்றான்? மின்னுதான்னா பாக்குறான்? நகத்தால சுண்டி, சத்தத்தைக் காது குடுத்துக் கேக்குறான். விரிசல் விழுந்த இரும்புக்குக் கணீர்னு சத்தம் வராது. உங்கப்பன் அப்படித்தான் வாங்குனான். நீ மட்டும் ரைபிளைச் செல்போனாட்டம் மூடியைப் பாத்து வாங்குற.

சுட்டு முடிச்சா மறுவேலை என்ன? படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் வைக்கிறதா? புல்த்ரூக் கயித்தை எடுத்துக் கந்தல் துணியைக் கோத்து ஒரே இழுவையில இழு. கருப்பு வரும். திரும்ப இழு. வெள்ளையா வர்ற வரைக்கும் இழு. தானியங்கின்னா என்னான்னு நெனைச்ச? குழல்ல இருந்து கொஞ்சம் புகையைத் திருடித்தான் அடுத்த தோட்டாவை ஏத்துது. திருடுன வீட்டுல கரி படியாம இருக்குமா? எஸ்.எல்.ஆர்ல அந்தப் புகையை எம்புட்டு விடணும்னு ஒரு காஸ் ரெகுலேட்டர் உண்டு. கூடுதலா விட்டா ரைபிள் துள்ளும், தோள் கழண்டுரும். குறைச்சலா விட்டாக் காலிக் குப்பி வெளிய விழாம நடுவுல சிக்கி உக்காந்துக்கிடும், காஸ் ஸ்டாப்பேஜ். தோட்டா மாறுனா அதையும் திருகிப் பாக்கணும், கரி படிஞ்சாலும் திருகிப் பாக்கணும். தாயா புள்ளையா ரைபிளோட பழகுனவனுக்குத்தான் எத்தனை திருகுன்னு கைக்குத் தெரியும்.

தோட்டான்னதும் ஞாபகம் வருது. ஒரே அளவு தோட்டாதான், ஆனா ஒரு தொழிற்சாலைச் சரக்கு விழுற இடத்துல இன்னொரு தொழிற்சாலைச் சரக்கு விழாது. மருந்து கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், குண்டோட கனம் இம்மி மாறும். கம்பெனிக்காரன் காட்டுற அட்டையில அஞ்சு ஓட்டையும் ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு வாயைப் பொளக்குற. அவன் எந்தத் தோட்டாவைப் போட்டான், ரைபிளை எதுல அணைச்சு வெச்சுச் சுட்டான், அங்க காத்து அடிச்சுதா, குளிர் இருந்துச்சான்னு கேட்டியா? நாளைக்கு உனக்கு நம்மூருத் தோட்டாப் பெட்டி வந்து இறங்கும்போது மறுபடி படுத்து அஞ்சு குண்டு போட்டே ஆகணும். சோம்பேறிப்பட்டுக்கிட்டு "போன மாசம் சரியாத்தான இருந்துச்சு"ன்னு போனேன்னா, குறி தப்புனதுக்கு நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கிற கம்பெனிக்காரனைத் திட்டிப் புண்ணியமில்லை.

குளிருன்னதும் இன்சாஸ் கதையைக் கேளு. 1998-ல குடியரசு தின அணிவகுப்புல ஜம்முனு போச்சு. டெல்லி ராஜபாதையில ஒரு குறையும் இல்லை. மறுவருசமே கார்கில். அந்தப் பனியில பிளாஸ்டிக் மேகசின் வெடிப்பு விட்டுச்சுன்னு புகார் வந்துச்சு. அணிவகுப்புல நடந்த ரைபிள் வேற, மலையேறுன ரைபிள் வேற. கடையில இருக்கும்போது எந்தச் சரக்கும் நல்ல சரக்குதான். நம்ம பனியில, நம்ம புழுதியில, நம்ம தோட்டாவைப் போட்டு, நம்ம பயலே கையில புடிச்சுச் சுட்டுப் பாத்த பிறகுதான் அது நல்லதா கெட்டதான்னு வாயைத் திறக்கணும். உனக்குச் சொல்றதைத்தான் வாங்குறவுகளுக்கும் சொல்றேன். ஆனா அவுக டீக்கடைக்கு வர மாட்டாக, நீ வந்து மாட்டிக்கிட்ட.

இங்க ஒருத்தன் ஓரமா உக்காந்து பல்லைக் காட்டுறான் பாரு, பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டவன். "பெரியப்பா, அப்படி ஒரு ரைபிள் கெடைச்சாக் காட்டுப்பன்னியை ஒரு கை பாத்துருவேன்"கிறான். பாப்ப, பாப்ப. அப்புறம் பன்னி உன்னைப் பாக்க மதுரை ஜெயிலுக்கு வரும். ஆயுதச் சட்டம் 1959-ல வந்தது. செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் நம்மளை மாதிரி ஆளுகளுக்குத் தடை பண்ணுன சாமான். 2019-ல திருத்தம் போட்டு, அதை வெச்சிருந்தாக் குறைஞ்சது ஏழு வருசம்னு ஆக்கிட்டாக. உரிமம் வெச்சிருக்கிறவனுக்கே மூணு துப்பாக்கின்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சுட்டாக. அந்த உரிமக்காரன் பொழப்பைப் பாரு: எலெக்சன் வந்தாப் போதும், ஒத்தைக்குழல் துப்பாக்கியைச் சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு ஸ்டேசன் வாசல்ல வரிசையில நிக்கணும். பன்னிக்கும் 2025-ல அரசாங்கம் வழி சொல்லிருச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்தாத்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுகதான் சுடணும். நீ மனு எழுதுற பேனாவை மட்டும் ஜீரோ பண்ணி வெச்சுக்க.

மாப்ள, கடைசியா ஒண்ணு. சீமைச் சரக்குன்னு சொல்லும்போது உன் தலை வானத்தைப் பாக்குதே, அது எனக்குப் பிடிக்கலை. இங்கிட்டுத் திருச்சியில 1966-ல இருந்து துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுது. திருச்சி அசால்ட் ரைபிள்னு ஊர் பேரையே வெச்சு ஒண்ணு செய்யிறாக. அங்கிட்டு உத்தரப்பிரதேசத்து அமேதி பக்கம் கோர்வாவுல ரஷ்யாக்காரன் கூட்டுல ஏ.கே. 203, ஆறு லட்சத்துக்கு மேல செய்யணும்னு 2021 டிசம்பர்ல ஒப்பந்தம். அதுக்குத் தோட்டா 7.62-தான், ஆனா 51 இல்லை, 39. உன்னுதைத் தூக்கி அதுல போட முடியாது, அதுதைத் தூக்கி உன்னுதுல போட முடியாது. பழைய இன்சாசுக்கு இன்னும் 5.56. ஆக மூணு ரகத் தோட்டாவையும் கழுதை மேல ஏத்தி மலைக்கு அனுப்புறவன் தலையெழுத்தை நெனைச்சுப் பாரு. எந்தப் பெட்டியை எவன்கிட்டக் குடுக்கணும்னு அவன் தப்பா எண்ணிட்டான்னா, அமெரிக்கா ரைபிளும் அமேதி ரைபிளும் ஒண்ணுபோலத் தடியாத்தான் நிக்கும்.

உன் ரைபிள் நல்ல ரைபிள்தான். இல்லைன்னு நான் சொல்லலை. அதுக்குத் தகுந்த ஆளா நீ இருக்கியான்னுதான் கேக்குறேன். கம்பெனி அட்டையில இருக்கிற ஓட்டை கம்பெனிக்காரன் சுட்டது. நீ சுட்ட அட்டைக்கு நீதான் பதில் சொல்லணும். திரும்பிப் போனதும் மொத வேலையாப் படுத்து அஞ்சு குண்டு போடு. நெருங்கி விழுந்தா எனக்குப் போன் போடு. சிதறி விழுந்தா உஸ்தாதுகிட்டக் கேளு, என்கிட்ட சொல்லாத, நான் ஊரெல்லாம் சொல்லிருவேன். இப்ப எந்திரிச்சு எல்லாருக்கும் டீக்காசைக் குடு. லட்ச ரூபா ரைபிள்காரன் இருக்கும்போது ஓய்வூதியக்காரன் பையில கையை விடுறது நல்லாவா இருக்கும்?