கீழே நிற்கும் பாஸ்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் பிலிமத்தலாவைக் குசினிகளில் ஒரு புது 'பாஸ்' முளைத்துவிடுவார். மேசன் பாஸ், தச்சுப் பாஸ் எல்லாம் கூலி பேசிக்கொண்டு மேலே ஏறுகிறவர்கள். இவர் கூலி கேட்கமாட்டார், ஏறவும் மாட்டார். வருடம் முழுக்கச் சோற்றுக்கோப்பையை விட்டுத் தலை நிமிராதவர், அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்து, "சீலிங்கில இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கா!" என்று திடுக்கிடுவார்.

மனைவி மேசையில் ஏறுவார். பாஸ் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொள்வார்; மறுகையில் பிளேன்டீ. ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்கும். "இது எண்ணெய் இல்ல, புகை. 2022இல காஸ் கிடைக்காம விறகு எரிச்சமே, அந்தக் கரி." பாதி உண்மை. அந்த வருடம் நாடே சிலிண்டர் வரிசையில் நின்றது. ஆனால் நேற்றுப் பொரித்த கருவாட்டின் ஆவியும் மேலேதான் போயிற்று. அதை அவர் பேசமாட்டார்; இன்னொரு துண்டு கேட்டு வாங்கியவர் அவரேதான்.

கண்டி வீதியோரக் குத்துவிளக்குக் கடைகளைப் பார்த்தே வளர்ந்தவர் என்பதால் வைத்தியமும் பித்தளை வைத்தியம்: "தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேயி, பளபளக்கும்!" தேசிக்காய்ப் புளிப்பு பித்தளைக் களிம்பைக் கரைக்கும், எண்ணெயிடம் அதன் ஜம்பம் பலிக்காது. எண்ணெய்க்குக் காரம் வேண்டும். சாம்பலில் இருக்கிற கொஞ்சக் காரத்தையும் தேசிக்காய் தின்றுவிடும். மனைவி பதில் பேசாமல் சுடுநீரில் வாஷிங் சோடா கரைத்து, துணியை இறுகப் பிழிந்து துடைப்பார். பிசுக்கில் ஒரு பங்கு சவர்க்காரமாகவே மாறி, மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

"கத்தியால சுரண்டு" என்பது அடுத்த யோசனை. அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சுரண்டினால் கறை போகுமோ என்னவோ, அதன் தூசு நெஞ்சுக்குள் போய்விடும். ஈரத்துணிக்கு மேல் அங்கே ஆயுதம் கூடாது.

"ஏங்க, இந்த மூலைய மட்டும் நீங்க ஏறித் துடைங்களேன்."

"பக்கத்துக் கடலாதெனிய விகாரைய 1344இல கட்டின கணேஸ்வராச்சாரி கல்லா சுமந்தாரு? கீழ நின்னுதான கட்டியிருப்பாரு!"

சாயங்காலம் வந்த விருந்தாளி சீலிங்கைப் பார்த்து வியந்தால், பாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுவார்: "காலையிலயிருந்து நாங்க பட்ட பாடு!"

பாஸ்மாருக்கு ஒரு விண்ணப்பம். கருவாடு பொரிகிறபோது ஜன்னலைத் திறந்துவிட்டு, சட்டிக்கு ஒரு மூடி போடுங்கள். பிசுக்கில் பெரும்பங்கு மேலே போகாது. இரண்டு வேலையையும் கீழே நின்றே செய்யலாம்.