லட்சத்தில் சர்வர், சும்மாவில் கம்பைலர்

பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் கொட்டிக்கொடுத்து யூனிக்ஸ் சர்வர் வாங்கிய காலம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் சன் நிறுவனம் தன் யூனிக்ஸான சோலாரிஸ் 2-ஐ விற்றபோது சி கம்பைலரை மட்டும் கழற்றிவைத்து, அதற்குத் தனி விலை சொன்னது. எச்பியின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸோடு ஒரு கம்பைலர் வந்தது. கெர்னலைக் கட்டுவதற்கு மேல் அதை நம்பிப் பயனில்லை. ஆகவே ஏசி அறையில் சர்வரை உட்காரவைத்துவிட்டு, எல்லாரும் இலவச கம்பைலரான ஜிசிசி-யைத் தேடிப் போனார்கள். அதை மூலநிரலிலிருந்து நாமே உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கம்பைலர் இருந்தால் போதும்.

இந்தச் சங்கடம் தீர, தயார்ப் பொட்டலமாகக் கட்டித்தரப் புண்ணியவான்கள் முளைத்தார்கள். சன்ஃப்ரீவேர் ஒரு அடைவில் இறக்கியது, சன்னின் சொந்த இலவச சிடி இன்னொன்றில், 2002-ல் வந்த பிளாஸ்ட்வேவ் மூன்றாவதில். ஒரே நூலகம், மூன்று இடம், மூன்று பதிப்பு. எது முதலில் ஓடும் என்பது பாத் வரிசையை எழுதியவருக்கே வெளிச்சம். அவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார்.

மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலுக்கு ஒருவர் கிளம்பினால் சித்தப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி வரை வேனில் ஏறிவிடுவார்களே, பொட்டலங்களும் அப்படித்தான். ஒரு எடிட்டர் கேட்டால் அது நம்பியிருக்கும் நூலகக் குடும்பமே வந்து இறங்கும். 2008-ல் பிளாஸ்ட்வேவில் பங்காளிச் சண்டையும் நடந்தது. பிரிந்தவர்கள் ஓபன்சிஎஸ்டபிள்யூ என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

ஐபிஎம் கொஞ்சம் கெட்டி. தன் யூனிக்ஸான ஏஐஎக்ஸுக்குத் தானே ஓர் இலவசக் கருவிப்பெட்டி கொடுத்தது, ‘உள்ளது உள்ளபடி’ என்ற எச்சரிக்கையோடு. பொட்டலம் கட்டிய முறை லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்பிஎம். 2019-ல் ஐபிஎம் அந்த ரெட் ஹேட்டையே 3,400 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.