தாவாத பூனைக்குத் தவசிப் பட்டம்

இன்னா மாப்ளே, உங்க வீட்டுப் பூனைக்கு ஞானம் வந்துடுச்சாமே! 13 வயசுல ஃப்ரிட்ஜ் மேல ஏறுறதை விட்டுட்டுது, பல்லி கண்ணெதிர்ல போனாலும் கண்டுக்கறதில்ல, நாள் பூரா பீரோ ஓரமா உக்காந்து தியானம் பண்ணுதுன்னு சொந்தக்காரனுக்கெல்லாம் போட்டோ அனுப்பிக்கிட்டு இருக்கியாம். மறைமலைநகர்ல நாலாவது மாடியில ஃப்ளாட் வாங்கினவன் பூனைக்கு ஞானம் வராம வேற எதுக்கு வரும்? மாசத் தவணை கட்டுற உனக்கு வரவேண்டியது, கொஞ்சம் முந்திக்கிட்டு அதுக்கு வந்துடுச்சு.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும்னு உங்க பாட்டி சொல்லுவா. இப்ப தாவலைன்னதும் ருசி போயிடுச்சுன்னு நீ கணக்குப் போட்டுட்டே. போனது ருசி இல்லப்பா, முட்டி.

மாமன் சும்மா அளக்கிறான்னு நெனைக்காதே. 2002ல 12 வயசு தாண்டுன 100 பூனைங்களோட எக்ஸ்ரேவை எடுத்து வச்சுப் பாத்திருக்காங்க அமெரிக்காவுல. 90 பூனைக்கு மூட்டு தேஞ்ச அடையாளம். 2010ல இன்னொரு டாக்டர் கூட்டம், ஆறு மாசக் குட்டியிலேருந்து 20 வயசுக் கிழடு வரைக்கும் கலந்துகட்டி 100 பூனையை எக்ஸ்ரே எடுத்துச்சு. 92க்கு ஒரு மூட்டாவது பழுது. உன் பூனை மட்டும் மிச்சம் எட்டுல ஒண்ணாம். ஆமாமா, நீ பரீட்சை எழுதினப்பகூட உங்கம்மா இப்படித்தான் நம்புனா.

“நொண்டலையே மாமா”ம்பே. எந்தக் காலை நொண்டும் சொல்லு? இடுப்பு, முழங்கால், முன்னங்கால் முட்டின்னு ரெண்டு பக்கமும் சமமா வலிச்சா நொண்டுறதுக்கு நல்ல கால் ஒண்ணு வேணாமா? அதுவுமில்லாம வலிக்குதுன்னு கத்தி ஊரைக் கூட்டுற பிராணி இல்ல அது. வேட்டையாடித் தின்னுதே தவிர, தன்னைவிடப் பெருசுகிட்ட மாட்டினா தானும் இரைதான்னு அதுக்குத் தெரியும். பலவீனத்தைக் காட்டாது. அதனால அது என்ன செய்யுதுன்னு பாக்காதே, எதை நிறுத்திடுச்சுன்னு பாரு.

வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் போனைக் கவுத்து வச்சுட்டு அரை மணி நேரம் அதைக் கவனி. சோபா முன்னால வந்து நிக்கும். மேலே பாக்கும். பின்னங்கால் ரெண்டையும் ஒருதரம் மாத்தி வைக்கும். பாஞ்சு ஏறாது, முன்னங்கால் நகத்தைத் துணியில மாட்டி, பின்னாடி உடம்பை இழுத்துக்கும். எறங்கறப்போ முன்னங்காலைத் தரையைத் தொடுற அளவுக்கு நீட்டி, அப்பால தொப்புனு விழும். வால் பக்கத்துல முடி சிக்குப் புடிச்சுப் பொடுகு உதிரும், ஏன்னா திரும்பி நக்க இடுப்பு வளையல. டைல்ஸ் தரையில நடந்தா நகம் டிக் டிக்குன்னு கேக்கும், ஏன்னா நகம் கூர்தீட்டுறதும் நின்னுபோச்சு. மணல் தொட்டிக்கு வெளியில போய் வச்சிட்டுதுன்னு உங்க வீட்டுல தொடப்பத்தைத் தூக்கினாங்களாமே? தொட்டியோட செவுரு முக்கால் முழம் ஒசரம். உன்னை ஒருநாள் முட்டி வலியோட காம்பவுண்டு செவுரு ஏறிக் குதிச்சு கக்கூசுக்குப் போகச் சொன்னா எங்கே போவேன்னு நான் கேக்க மாட்டேன், மரியாதை இருக்குது.

மாமல்லபுரத்துக்கு அடிக்கடி போறே, வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தள்ளுற மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டு வர்றே. அங்கேயே பக்கத்துல அர்ச்சுனன் தபசுப் பாறை இருக்குது, கீழ்ப்பக்கம் ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, முன்னங்காலைத் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும். சுத்தி எலிங்க. ஏழாம் நூத்தாண்டுல பல்லவ சிற்பி செதுக்குனது. 1984ல உலகப் பாரம்பரியச் சின்னம்னு யுனெஸ்கோகாரங்க பட்டம் குடுத்த கூட்டத்துல அந்தக் கள்ளத் தவசியும் சேத்தி. 1300 வருஷமா நின்னும் கால் வலிக்கல, கல்லாச்சே! அந்தப் பூனை தவம்னு ஏமாத்தி எலியை நம்பவச்சுது. உங்க வீட்டுல தலைகீழ். பூனை ஒண்ணுமே சொல்லல, நீயா தவம்னு நம்பிட்டே.

இப்ப உனக்கு இரக்கம் வந்துடும். அதுதான் எனக்குப் பயம். இரக்கம் வந்தவன் நேரா மருந்து டப்பாவைத் திறப்பான். பாராசிட்டமால்னு ஒண்ணு வச்சிருக்கியே, காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மச்சான் கல்யாணத்துக்குப் போறதுக்கும் போடுறது, அதுல அரை மாத்திரை போதும் பூனையை முடிக்க. நம்ம ஈரல் அதைப் பக்குவமா மாத்தி வெளியில தள்ளுது. பூனை ஈரலுக்கு அந்த வித்தை கிடையாது. ரத்தம் பழுப்பாகி, ஈறு கறுத்து, மூஞ்சி வீங்கி, மூச்சுக்குத் தவிக்கும். தைலமும் வேணாம். கற்பூரமும் புதினா உப்பும் போட்ட எதைத் தடவினாலும் அது நக்கியே தீரும். எனக்கு முட்டி வலின்னப்போ ஒரு தைல பாட்டில் வாங்கித் தராதவன் பூனைக்குத் தடவப் போறியாக்கும்.

டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை இருந்தா அதையும் தொடாதே, அது செஞ்ச வேலையைக் கேளு. திருக்கழுக்குன்றத்து மலை மேல மத்தியானம் ரெண்டு கழுகு வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகும்னு நம்ம ஊர்ப்பக்கம் குழந்தைகூடச் சொல்லும். மஞ்சமூஞ்சிப் பாறுங்க அது. 1990கள் கடைசியோட வரத்து நின்னுபோச்சு. ஏன்னு ஆளுக்கொரு புராணம் சொல்லுவாங்க, அதுல நான் தலையிடல. ஆனா நாடு பூரா பாறுங்க செத்து விழுந்ததுக்கு, மாட்டுக்கு ஊசி போட்ட இந்த டைக்ளோஃபெனாக்தான் பெரிய காரணம்னு 2004ல கண்டுபுடிச்சாங்க. அந்த மாட்டோட பொணத்தைத் தின்னதும் பாறுங்களுக்குச் சிறுநீரகம் போச்சு. 2006ல மாட்டு வைத்தியத்துல அதுக்குத் தடை. பதிலுக்கு மெலாக்சிகாம் போடுங்கன்னாங்க. பூனை முட்டிக்கும் டாக்டருங்க எழுதறது பெரும்பாலும் அதுதான், துளிக்கணக்குல. ஐரோப்பாவுல ரொம்பக் கம்மி அளவுல நீண்ட நாள் குடுக்க அனுமதி இருக்குது. அமெரிக்காவுல, திரும்பத் திரும்பக் குடுத்தா சிறுநீரகம் கெடும்னு மருந்து மேலேயே எச்சரிக்கை போட்டிருக்கான். கிழட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி சோர்ந்துதான் இருக்கும். அதனால ரத்தப் பரிசோதனை பண்ணாம யாரும் மருந்து குடுத்தா வாங்காதே.

சாப்பாட்டு விஷயம். காலையில தட்டு ரொம்ப பிஸ்கெட்டைக் கொட்டிட்டு ஆபீஸ் போயிடறே, பாசமாம். விலாவைத் தடவிப் பாரு, எலும்பு கைக்குத் தட்டணும். தட்டலைன்னா அந்தக் கொழுப்பையெல்லாம் தேஞ்ச முட்டிதான் சுமக்குது. அதுக்காகப் பட்டினி போட்டுடாதே. கொழுத்த பூனை நாலு நாள் திங்காம இருந்தா ஈரல்ல கொழுப்பு அடைச்சு அதுவே உயிருக்கு உலை. மெதுவா, மாசக்கணக்குல கொறை. கசாப்புக் கடைக்காரன் சும்மா குடுக்குறான்னு தினம் ஈரலே போடுறியே, அதையும் நிறுத்து. வைட்டமின் ஏ அளவு மீறினா கழுத்து எலும்பும் மூட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிப்போகும். மத்தி மீன் வந்தா எப்பவாவது ஒண்ணு வேகவச்சு முள்ளெடுத்துக் குடு, அந்த மீனெண்ணெய் மூட்டுக்கு நல்லது. கொழம்புல கெடந்த மீன் வேணாம். வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தை உடைக்கும். குளுக்கோசமைன் மாத்திரைன்னு ஒருத்தன் விப்பான்; பூனைக்கு அது பெருசா ஒண்ணும் கிழிச்சதா நிரூபணம் இல்ல.

வீட்டுல செய்யறதுக்குச் செலவே இல்ல. சோபா பக்கத்துல ஒரு குட்டி ஸ்டூல், ஜன்னலுக்கு ரெண்டு படி. பழைய பிளாஸ்டிக் டப்போட ஒரு பக்கத்தைத் தாழ அறுத்து மணல் தொட்டி ஆக்கு. வழுக்குற டைல்ஸ் மேல கோணியோ கால்மிதியோ போடு. தண்ணியும் சோறும் தரையிலேயே இருக்கட்டும். மார்கழியில படுக்கைக்கு உங்க அத்தையோட பழம்புடவையை நாலா மடிச்சுப் போடு. நகத்தை மாசத்துக்கு ஒருதரம் நுனி மட்டும் வெட்டணும். வெட்டறப்போ உன் கையைக் கிழிச்சா அது நல்ல சகுனம், தெம்பு இருக்குதுன்னு அர்த்தம்.

அப்பால வேப்பேரிக்குப் போ. 1903ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்குது, ஆனையிலேருந்து கோழி வரைக்கும் பாத்த இடம். டாக்டர் மேசை மேல வச்சா பூனை பயத்துல வலியெல்லாம் மறந்து விறைச்சு நிக்கும். அதனால சோபா ஏறுற கூத்தை முன்னாடியே வீடியோ எடுத்து வச்சுக்கோ, உன் போன் ஒருநாளாவது உபயோகப்படட்டும். 2022ல அமெரிக்காவுல மாசத்துக்கு ஒரு ஊசின்னு பூனை மூட்டு வலிக்கே தனியா ஒண்ணுக்கு அனுமதி குடுத்திருக்காங்க, நமக்கு ஆகுமான்னு கேட்டுப்பாரு. கால் டாக்சியில கூடையை மடியில வச்சுக்க. யாருக்கு சார் உடம்பு சரியில்லைன்னு டிரைவர் கேட்டா, வீட்டுப் பெரியவருக்குன்னு சொல்லிடு, ஏசியைக் கொஞ்சம் கொறச்சு வெப்பான்.